அகழியில் காய்க்கும் தக்காளி

ஜெர்மனியில் ரைன் நதியைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் கோப்ளென்ஸுக்குத் தெற்கே போய்விடுகிறார்கள். குன்றுக்குக் குன்று கோட்டை, லோரலாய் பாறை என்று அங்கே படமெடுக்க நிறைய இருக்கிறது. நானும் இரண்டு முறை அப்படித்தான் போனேன். மூன்றாவது முறை கொலோனிலிருந்து வரும்போது கோப்ளென்ஸுக்குச் சற்று முன்னால், ஆண்டர்நாக்கில் ரயிலைவிட்டு இறங்கினேன். இத்தனை நாள் இந்த ஊரைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

சுமார் 30 ஆயிரம் பேர் வாழும் ஊர். ரோமானியர்கள் அந்துன்னாகும் என்று அழைத்தார்கள். 1988-லேயே 2000-ஆவது ஆண்டு விழா கொண்டாடிவிட்டது. ஆற்றங்கரையில் கல்லால் கட்டிய பாரந்தூக்கி ஒன்று நிற்கிறது. 1561-ல் கட்டி முடித்தது. உள்ளே பெரிய மரச்சக்கரங்கள். ஆட்கள் அதற்குள் நடந்து நடந்து சக்கரத்தைச் சுற்றித்தான் திரிகைக் கற்களையும் மது பீப்பாய்களையும் படகில் ஏற்றினார்கள். 1911 வரை அது வேலை செய்தது. 350 ஆண்டு!

ஊர் மதிலில் 56 மீட்டர் உயரத்துக்கு ஒரு வட்டக் கோபுரம். 1689-ல் பிரெஞ்சுப் படை ஊரைக் கொளுத்தியபோது இதையும் வெடிவைத்துத் தகர்க்கப் பார்த்தது. சுவர் அவ்வளவு கனம், கோபுரம் விழவில்லை. வெடித்த இடத்தில் விழுந்த பொத்தல் இன்றும் அப்படியே தெரிகிறது.

என்னை உண்மையில் நிறுத்தியது கோட்டை அகழிதான். எதிரி உள்ளே வராமல் தடுக்கத் தோண்டிய பள்ளத்தில் இன்று காய்கறித் தோட்டம். 2010-ல் நகராட்சி பொது இடத்தில் 101 வகைத் தக்காளி நட்டது. அடுத்த ஆண்டு பீன்ஸ். வேலியும் கிடையாது, காசும் கிடையாது. யார் வேண்டுமானாலும் பறிக்கலாம். நீண்ட நாள் வேலை கிடைக்காமல் இருந்தவர்களுக்குத் தோட்டப் பராமரிப்பில் வேலை கொடுத்தார்கள்.

நான் நின்றபோது வயதான ஒரு அம்மா சின்னக் கத்தியோடு குனிந்து மாங்கோல்ட் கீரை அறுத்துக்கொண்டிருந்தார். வெளிச்சுற்று இலையை மட்டும் எடுத்தார். நடுக்குருத்தைத் தொடவே இல்லை. ஏன் என்று கேட்டேன். "குருத்தை விட்டால் அடுத்த வாரம் இன்னொருவருக்கு ஆகும்" என்றார்.

பழைய ஊர் என்றாலே கம்பி வேலி, நுழைவுச்சீட்டு, 'தொடாதீர்கள்' பலகை என்று நாம் பழகிவிட்டோம். அதனாலேயே அது நம் ஊர் என்ற எண்ணம் விட்டுப்போகிறது என்று நான் நினைக்கிறேன். தினமும் கீரை பறிக்கப் போகிற மதிலில் யாரும் கிறுக்க மாட்டார்கள். எல்லாரும் அள்ளிக்கொண்டு போய்விடுவார்களே என்ற பயம் அங்கேயும் முதலில் இருந்தது. அப்படி ஒன்றும் ஆகவில்லை, தோட்டம் தொடர்ந்து நடக்கிறது. பொது நிலத்தில் வெறும் அழகுக்குப் பூச்செடி வைக்கும் எந்த நகராட்சியும் இதைச் செய்து பார்க்க வேண்டும். நட்டுவிட்டு மக்களை நம்ப வேண்டும், அவ்வளவுதான்.

சுற்றுலாக் கூட்டம் குளிர்நீர் ஊற்றைப் பார்க்கத்தான் வருகிறது. பூமிக்கடியில் சேரும் கரியமில வாயு தண்ணீரை 60 மீட்டர் வரை பீய்ச்சி அடிக்கிறது. படகில் போய்ப் பார்க்க வேண்டும், அருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அரை நாளாவது அகழிப் பக்கம் ஒதுக்குங்கள். ஆகஸ்டில் போனால் தக்காளி பழுத்திருக்கும்.