ஒழுகாத கோட்டு

(குளிர்காலக் காலை. ஐந்து டிகிரி. தம்பி சைக்கிளில் வேலைக்குப் போகத் தொடங்கி இது இரண்டாவது நாள். அக்கா பல வருடங்களாக ஓட்டுபவள்.)

தம்பி: அக்கா, இந்த மழைக்கோட்டைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். ஒழுகுகிறது.

அக்கா: நேற்று மழையே பெய்யவில்லையே?

தம்பி: அதைத்தான் சொல்கிறேன். பெய்யாதபோதே இப்படி என்றால், பெய்தால் என்ன கதி? சட்டையைப் பிழிந்தேன். அரை டம்ளர் வந்தது.

அக்கா: ருசி பார்த்தாயா? உப்புக் கரித்திருக்குமே.

தம்பி: சீ!

அக்கா: அத்தனையும் உன் வேர்வை. இரு, காட்டுகிறேன். (ஆணியில் தொங்கும் கோட்டின் பையில் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றுகிறாள்.) அடியில் சொட்டுகிறதா, பார்.

தம்பி: (கீழே கையை ஏந்திக் கொஞ்ச நேரம் காத்திருந்து) இல்லை.

அக்கா: பிறகென்ன? வெளியே இருப்பதை உள்ளே விடாது, உள்ளே இருப்பதை வெளியே விடாது. கோட்டின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

தம்பி: இந்தக் குளிரில் யாருக்காவது வேர்க்குமா?

அக்கா: மிதிக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் கால் பங்குகூடச் சக்கரத்துக்குப் போவதில்லை. மீதியெல்லாம் சூடு. நீ ஓடுகிற அடுப்பு. மேலே மூடியைப் போட்டு இறுக்கினால் ஆவி கட்டாமல் என்ன செய்யும்?

தம்பி: சரி, கோட்டே வேண்டாம். இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறேன்.

அக்கா: ஸ்வெட்டர் காற்றுக்குச் சல்லடை. நிற்கிறவனுக்குத்தான் ஐந்து டிகிரி. 25 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் தோலுக்கு அது ஏறக்குறைய பூஜ்யம்.

தம்பி: அப்படியானால் மெதுவாகப் போகிறேன்.

அக்கா: போகாமலே இருந்தால் இன்னும் கதகதப்பு.

தம்பி: அதைத்தான் காலையில் எழுந்ததும் நானும் யோசித்தேன்.

அக்கா: (கையில்லாத ஜாக்கெட் ஒன்றை நீட்டி) இதைப் போடு. உள்ளே மெல்லிய கம்பளிச் சட்டை போதும். அந்தப் பருத்திப் பனியனைக் கழற்று. வேர்வையைக் குடித்துவிட்டு ஈரத்துணியாக உடம்பிலேயே ஒட்டிக்கொள்ளும்.

தம்பி: (துணிக்குள் விரலை நுழைத்து) முதுகெல்லாம் ஓட்டையாக இருக்கிறதே! கையும் இல்லை. உன்னை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள்.

அக்கா: காற்று முன்னால்தானே அடிக்கிறது? அங்கே நெருக்கமான துணி. பின்னால் வலை, வேர்வை போவதற்கு.

தம்பி: கீழே வேறு வால் மாதிரி தொங்குகிறது.

அக்கா: ஹேண்டில் பிடிப்பதுபோல் குனி. (குனிகிறான்.) இப்போது வால் எங்கே?

தம்பி: இடுப்போடு சரியாக இருக்கிறது! நேற்று கோட்டு மேலே ஏறி, அந்த இடம்தான் சில்லிட்டது.

அக்கா: பின்சக்கரம் சேற்றை வாரி அடிப்பதும் அதே இடத்தில்தான்.

தம்பி: மழை வந்தால்?

அக்கா: அதற்கு வேறு ஜாக்கெட். வேர்வை ஆவியை வெளியே விடும், 'மூச்சு விடும் துணி' என்று சொல்லி விலையை ஏற்றிவிடுவார்கள். மேடு ஏறும்போது நீ விடும் மூச்சுக்கு எந்தத் துணியும் ஈடு கொடுக்காது. அக்குளில் ஜிப் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு.

தம்பி: நெஞ்சில் இன்னும் கொஞ்சம் குளிரும்போல் இருக்கிறது.

அக்கா: பழைய செய்தித்தாளைச் செருகிக்கொள். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தய வீரர்களே அந்தக் காலத்தில் மலை உச்சியில் செய்தித்தாளை வாங்கிச் செருகிக்கொண்டுதான் கீழே இறங்குவார்கள். இறக்கத்தில் மிதிக்க வேலை இல்லை. அடுப்பு அணைந்துவிடும், காற்று மட்டும் அடிக்கும்.

தம்பி: (ஒரு தாளை எடுத்து) இதில் என் ராசிக்கு, 'பயணத்தைத் தவிர்க்கவும்' என்று போட்டிருக்கிறதே.

அக்கா: விளையாட்டுப் பக்கத்தை எடு.

(ஒருவழியாகக் கையுறை, தலைக்கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு தம்பி வாசலில் கால் வைக்கிறான்.)

தம்பி: ஐயோ, குளிர்கிறது!

அக்கா: சரியாக உடுத்தியிருக்கிறாய். வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் பத்தாவது நிமிடம் வெந்துபோவாய். நிற்காதே, கிளம்பு.

தம்பி: பூட்டுச் சாவி?

அக்கா: எங்கே வைத்தாய்?

தம்பி: நேற்று வந்ததும் மழைக்கோட்டுப் பையில்...

(இருவரும் திரும்பிப் பார்க்கிறார்கள். கோட்டுப் பை உப்பிக்கொண்டு தொங்குகிறது. தம்பி ஓடிப்போய்க் கையை விடுகிறான்.)

அக்கா: கையுறையைக் கழற்று!

தம்பி: விட்டாயிற்று. (சாவியோடு கையை வெளியே எடுத்து, தலைகீழாகத் தொங்கவிட்டுப் பார்க்கிறான்.) இதுவும் நல்ல சரக்குதான், அக்கா. உள்ளே போன தண்ணீர் ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை.