டெங்குவில் காய்ச்சல் தணிவது குணமானதற்கு அடையாளமல்ல

பாலிக்குப் போன இடத்தில் காய்ச்சல் வந்தால் இபுபுரோஃபன் போதும், உடல் சூடு தணிந்துவிட்டால் டெங்கு போய்விட்டது என்று பயணிகளுக்குச் சொல்லப்படுவது இரு வகையிலும் தவறு. இபுபுரோஃபனும் ஆஸ்பிரினும் இரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டுவதால், டெங்கு இல்லையென உறுதியாகும்வரை பாராசிட்டமால் மட்டுமே, அதுவும் அளவு மீறாமல், எடுக்க வேண்டும். நோய் தொடங்கிய 3 முதல் 7 நாட்களுக்குள் காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் சிலருக்கு இரத்த நாளங்களிலிருந்து நீர் கசிந்து இரத்த அழுத்தம் சரிகிறது (தேறிவிட்டோம் என்று பலர் கடற்கரைக்குக் கிளம்புவதும் அப்போதுதான்). கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், விடுதி அறையில் காத்திராமல் பாலியின் தலைநகரான டென்பசாரின் பெரிய மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றுவிட வேண்டும். பாலிக்குக் கிழக்கே, லொம்போக் தீவை ஒட்டியுள்ள சிறு கிலி தீவுகளில் தங்கியிருப்போர், அங்கே சிறு கிளினிக்குகளே உள்ளதால், காய்ச்சல் வந்தவுடனேயே லொம்போக்கிற்குப் படகேறுவது நல்லது.