கச்சான் காற்றில் கொடைக்கானல் கதை

அக்கா: பையைத் திறந்து காட்டுங்கள் தம்பி. சேலையா, நைட்டியா?

தம்பி: நான் எதுவும் விற்க வரவில்லை அக்கா. ஒரு டீ கொடுங்கள்.

அக்கா: இரண்டு பக்கமும் பொதி, முன்னால் ஒரு பை, பின்னால் சுருட்டிக் கட்டிய பாய். விற்காதவர் எதற்கு இவ்வளவு கட்டிக்கொண்டு வருகிறீர்கள்? தவணைக்குக் கொடுப்பீர்களா?

தம்பி: அது பாய் இல்லை, கூடாரம். இதில் அடுப்பு, இதில் மாற்றுத் துணி, இதில் டியூப், பஞ்சர் ஒட்டும் பசை. சைக்கிளிலேயே ஊர் சுற்றுகிறேன். விடியற்காலையில் ராமேஸ்வரத்தில் கிளம்பினேன்.

அக்கா: ஏன், பஸ் ஓடவில்லையா?

தம்பி: ஓடுகிறது.

அக்கா: வேண்டுதலா?

தம்பி: இல்லை.

அக்கா: பிளாஸ்டிக் ஒழிப்பு, மது ஒழிப்பு, அப்படி ஏதாவது ஒழிப்பா? பதாகை கட்டியிருக்கவில்லையே.

தம்பி: எதையும் ஒழிக்கவில்லை அக்கா. என் ஆசைக்கு ஓட்டுகிறேன்.

அக்கா: சைக்கிள் என்ன விலை?

தம்பி: ஒன்றரை லட்சம்.

அக்கா: ஒன்றரை லட்சம் கொடுத்தும் நீங்கள்தான் மிதிக்க வேண்டுமா?

தம்பி: கியர் இருக்கிறதே! போன மாதம் இதே சுமையோடு கொடைக்கானல் ஏறினேன். வத்தலக்குண்டிலிருந்து மேலே போக ஏறக்குறைய 1,800 மீட்டர் ஏற்றம். முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் பெரிய பல்சக்கரம். அதில் மாற்றிவிட்டால் எந்தக் கொண்டை ஊசி வளைவையும் நடக்கிற வேகத்தில் ஏறிவிடலாம்.

அக்கா: நடக்கிற வேகம்தான் என்றால் நடந்தே போயிருக்கலாம்.

(சைக்கிள் பயணிகளிடம் இது ஒரு தொல்லை. என்ன டீ வேண்டும் என்று கேட்டால் எத்தனை மீட்டர் ஏறினோம் என்று சொல்வார்கள். சர்க்கரை போடவா வேண்டாமா என்பது கடைசி வரை தெரியாது.)

தம்பி: மேலே போய்ப் பார்த்தால்தான் தெரியும் அக்கா. காலைப் பனியில் ஏரியை ஒரு சுற்று, 5 கிலோமீட்டர். நட்சத்திர வடிவத்தில் ஏரி! 1863-ல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் உருவாக்கியது. அது நிரம்பி வழிகிற தண்ணீர்தான் வெள்ளி அருவியாக விழுகிறது. அங்கிருந்து பூம்பாறை வழியாக மன்னவனூர் ஏரி, இன்னொரு 35 கிலோமீட்டர். வழியெல்லாம் தைல மர வாசனை. பூம்பாறையில் மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாகப் பூண்டு வயல். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள்.

அக்கா: அப்படிச் சொல்லுங்கள். பையில் பூண்டு இருக்கிறது.

தம்பி: இல்லை அக்கா.

அக்கா: கால் கிலோ என்ன விலை?

தம்பி: பூண்டே வாங்கவில்லை!

அக்கா: பூண்டு விளைகிற ஊருக்குப் போய்ப் பூண்டு வாங்கவில்லை. பாம்பனைத் தாண்டி வந்திருக்கிறீர்கள், ஒரு கருவாடுகூட வாங்கவில்லை. வெறும் பையைக் காற்று வாங்கக் கூட்டிப்போகிறீர்களா?

தம்பி: காற்றைப் பற்றி மட்டும் பேசாதீர்கள். பாம்பன் பாலத்தில் ஆளையே தூக்கிக் கடலில் போடப் பார்த்தது. அங்கிருந்து இங்கே வரை ஒரே எதிர்க்காற்று. மலை எவ்வளவோ நியாயமானது அக்கா. ஏறினால் ஏறியதற்கு ஒரு இறக்கம் கொடுக்கும். இந்தக் காற்றுக்கு இறக்கமே கிடையாது.

அக்கா: அது கச்சான், மேற்கிலிருந்து அடிக்கிற காற்று. ஆடி முடிகிற வரை இப்படித்தான் அடிக்கும். அதிகமாக அடித்தால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள்.

தம்பி: தெரியும். மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் பாலத்தில் ரயிலை விடமாட்டார்கள்.

அக்கா: ரயிலை நிறுத்த ஆள் இருக்கிறது. உங்களை நிறுத்த வீட்டில் யாரும் இல்லையா?

தம்பி: இந்த பாட்டில்களில் கொஞ்சம் தண்ணீர் பிடித்துக்கொள்ளட்டுமா?

அக்கா: அந்தப் பச்சைக் குடத்தில் நல்ல தண்ணீர் இருக்கிறது. பிடித்துக்கொள்ளுங்கள்.

(பிடிக்கிறார். ஒரு பாட்டிலைக் குடிக்கிறார். மறுபடி பிடித்து மூடுகிறார். இதுவரை சரி. மூன்றாவது முறை பிடித்ததை ஹெல்மெட்டோடு தலையில் கவிழ்க்கிறார். ஹெல்மெட்டின் துளை வழியே இறங்கிய தண்ணீர் கழுத்தில் ஓடிச் சட்டையை நனைக்கிறது. மீதத்தைச் சங்கிலியில் ஊற்றுகிறார். பல்லுக்குப் பல் ஒட்டியிருந்த தனுஷ்கோடி மணல் கரைந்து, கடை வாசலில் உள்ளங்கை அகலத்துக்குச் சேறு. நான்காவது முறைக்குக் குடத்தைச் சாய்க்கிறார்.)

அக்கா: தம்பி, குடத்தைக் கீழே வையுங்கள்.

தம்பி: சங்கிலியில் மணல் அக்கா. மணலோடு ஓட்டினால் பல்சக்கரம் தேய்ந்துவிடும்.

அக்கா: உங்கள் சங்கிலி குடித்த தண்ணீரில் நான் பத்து டீ போட்டிருப்பேன். குடம் 10 ரூபாய் கொடுத்து வாங்குகிறேன்.

தம்பி: மலையில் பழகிய பழக்கம். அங்கே பாட்டிலை நீட்டினால் ஓடையில் தானாக நிறையும். இங்கேயும் எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீராகத்தானே இருக்கிறது?

அக்கா: அப்படியானால் கடலில் கழுவ வேண்டியதுதானே?

தம்பி: ஐயோ, உப்புத் தண்ணீர் பட்டால் துருப்பிடித்துவிடும்.

அக்கா: உங்கள் சைக்கிளுக்கே ஆகாத தண்ணீர்தான் எங்கள் வீட்டுக் கிணற்றில் ஊறுகிறது.

(இந்த இடத்தில் தம்பிக்கு ஒரு பதில் எழுதிக் கொடுத்திருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை.)

தம்பி: அங்கேயும் சும்மா விட்டுவிடுவதில்லை அக்கா. பேரிஜம் ஏரி பெரியகுளத்துக்குக் குடிநீர். வனத்துறை அனுமதிச் சீட்டு இல்லாமல் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது.

அக்கா: பார்ப்பதற்கே சீட்டா? கொடுத்துவைத்த ஏரி. நான் பள்ளிக்கூடத்தில் படித்ததைச் சொல்லட்டுமா? உங்கள் மலையில் பெய்கிற மழை மஞ்சளாற்றிலும் வராக நதியிலும் இறங்கி வைகையில் சேர்கிறது. வைகை முடிகிற இடம் எங்கே?

தம்பி: கடலில்.

அக்கா: ராமநாதபுரம் பெரிய கண்மாயில். அது நிரம்பினால்தான் மிச்சம் கடலுக்கு. வருகிற வழியில் சோழவந்தான், மதுரை, மானாமதுரை, பரமக்குடி. பந்தியில் கடைசி இலை எங்களுடையது தம்பி. ரசம் வந்து சேர்ந்தாலே பெரிய விஷயம். நீங்கள் முதல் இலையில் உட்கார்ந்து பாயசத்தைச் சுற்றிச் சுற்றிச் சைக்கிள் ஓட்டிவிட்டு, இங்கே வந்து ரசத்தில் கை கழுவுகிறீர்கள்.

தம்பி: இப்போது காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது என்றார்களே?

அக்கா: வருகிறது. திருச்சிப் பக்கத்திலிருந்து வருகிறது. கியர் இல்லாமல் வருகிறது போலிருக்கிறது, உங்களைவிட மெதுவாக.

தம்பி: தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிடுகிறேன் அக்கா.

அக்கா: காசை என்ன செய்வது? அடுப்பில் ஊற்றிக் கொதிக்கவிடவா? சாயங்காலம் பஸ் நிற்கிற நேரத்தில் இருபது பேர் டீ கேட்பார்கள். இந்தாருங்கள், இரண்டு குடம். பையைக் கழற்றி இங்கே வையுங்கள். அந்தக் கம்பியில் பக்கத்துக்கு ஒன்றாகக் கட்டலாம். குழாய் நீங்கள் வந்த வழியிலேயே ஒரு கிலோமீட்டர்.

தம்பி: வந்த வழியிலேயா? நான் ஓட்டிய சாலையில் திரும்ப ஓட்டுவதில்லை அக்கா. அது என் கொள்கை.

அக்கா: போகும்போது கச்சான் உங்களை முதுகில் தள்ளிக்கொண்டு போகும்.

தம்பி: திரும்பி வரும்போது?

அக்கா: குடம் நிறைந்திருக்கும். காற்று முகத்தில் அடிக்கும். மலை ஏறியவருக்கு ஒரு கிலோமீட்டர் என்ன பெரிய தூரமா?

(பைகள் பெஞ்சுக்கு அடியில் போகின்றன. தம்பி கயிற்றை இழுத்துக் கட்டுகிறார். கைக்கடிகாரத்தை இரண்டு தட்டு தட்டுகிறார்.)

அக்கா: அங்கே என்ன அழுத்துகிறீர்கள்?

தம்பி: இந்தத் தூரமும் கணக்கில் ஏறட்டும் என்று.

அக்கா: ஏறட்டும். வரும்போது குழியைப் பார்த்து மெதுவாக மிதியுங்கள். குடத்துக்கு மூடி கிடையாது.