ரிலீஸ் அன்றே வாங்காதவனுக்குக் கேம் மேல் ஆசை இல்லையாம்

நேற்று இந்தக் குழுவில் நடந்த சண்டையைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை, பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு தம்பி, வரப்போகிற அந்தக் கேமை இப்போதே ப்ரீ ஆர்டர் போடலாமா, அதாவது வெளிவரும் முன்பே பணம் கட்டி வைக்கலாமா என்று கேட்டார். "வேண்டாம் தம்பி, வெளிவந்து இரண்டு வாரம் போகட்டும்" என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். "காசு இல்லாதவன் எதற்குக் கருத்துச் சொல்கிறான்" என்று வந்த பதிலைக்கூடக் கடந்து போய்விட்டேன். ஆனால் "உங்களுக்குக் கேம் மேல் உண்மையான ஆசை கிடையாது அண்ணே, அதான் காத்திருக்க முடிகிறது" என்று ஒருவர் எழுத, நான் மதிக்கிறவர்களே அதற்கு இதயம் போட்டது இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதில் சிலர் நான் சொல்லி வாங்கிய கேமை இன்றைக்கும் விளையாடிக்கொண்டிருப்பவர்கள்.

சரி, திரும்பவும் சொல்கிறேன், இந்த முறை விளக்கமாகவே. புது கேமை ரிலீஸ் நாளில் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. அது எங்கும் ஓடிவிடாது. டிஜிட்டலில் விற்கிற ஒரு கேமுக்கு ஸ்டாக் தீர்ந்துபோவது என்று ஒன்று கிடையவே கிடையாது. அப்புறம் ப்ரீ ஆர்டர் போட்டு எதை முன்கூட்டியே பிடித்து வைக்கிறோம்? ஒரு துப்பாக்கிக்குப் புது வர்ணம், கதாபாத்திரத்துக்கு ஒரு உடை. அதற்காக, யாருமே விளையாடிப் பார்க்காத ஒன்றுக்கு முழு விலையையும் முன்பணமாகக் கட்டுகிறோம்.

முதல் நாள் முதல் காட்சி மாதிரி இதுவும் ஒரு கொண்டாட்டம்தானே என்கிறார்கள். நானும் அந்தக் கொண்டாட்டத்தில் வளர்ந்தவன்தான். ஆனால் முதல் நாள் பார்க்கிற படமும் பதினைந்தாம் நாள் பார்க்கிற படமும் ஒரே படம். கேம் அப்படி இல்லை. முதல் நாள் கையில் கிடைப்பதும் ஆறு மாதம் கழித்து அதே பெயரில் கிடைப்பதும் வேறு வேறு. முதல் நாள் வாங்குகிறவர் அதிக விலை கொடுத்து, இருப்பதிலேயே மோசமான வடிவத்தை வாங்குகிறார். இதைச் சொன்னால் எனக்கு ஆசை இல்லை என்று பட்டம் கொடுக்கிறீர்கள்.

சைபர்பங்க் 2077 நினைவிருக்கிறதா? 2020 டிசம்பர் 10 அன்று வந்தது. 80 லட்சம் ப்ரீ ஆர்டர் என்று அதைத் தயாரித்த நிறுவனமே அறிவித்தது. ரிலீசுக்கு முன் விமர்சகர்களுக்குக் கொடுத்தது பிசி (கம்ப்யூட்டர்) பதிப்பு மட்டும், அதிலும் அவர்கள் தாங்களே பதிவு செய்த காட்சிகளை விமர்சனத்தில் காட்டக் கூடாது என்று நிபந்தனை. பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் போன்ற கன்சோல், அதாவது டிவியில் இணைத்து ஆடுகிற இயந்திரம், வைத்திருந்தவர்கள் அந்தப் பிசி விமர்சனங்களின் மதிப்பெண்ணை நம்பிப் பணம் கட்டினார்கள். அவர்கள் கையில் கிடைத்தது திக்கித் திணறி, அடிக்கடி நின்றுபோகிற ஒரு கேம். ஒரு வாரத்தில் பிஎஸ்4-ஐத் தயாரிக்கும் சோனியே தன் ஸ்டோரிலிருந்து அதைத் தூக்கியது, திரும்ப வைத்தது 2021 ஜூனில். அந்த எல்லா விமர்சனங்களும் பொய் என்று சொல்ல வரவில்லை. விமர்சனம் எழுதியவர் விளையாடிய இயந்திரமும் வாங்கியவர் வீட்டில் இருந்த இயந்திரமும் வேறு. இதைத் தெரிந்துகொள்ள ரிலீசுக்கு அப்புறம் இரண்டு நாள் போதுமாக இருந்தது. இரண்டே நாள்.

உடனே ஒருவர் வருவார், "அண்ணே, அதே சைபர்பங்க் இப்போது எவ்வளவு அருமையாக இருக்கிறது தெரியுமா" என்று. தெரியும். 2023 செப்டம்பரில் 2.0 பேட்ச், அதாவது கேமைத் திருத்துகிற அப்டேட், வந்த பிறகு அது வேறு கேம். நோ மேன்ஸ் ஸ்கையும் அப்படித்தான், 2016-ல் வந்தபோது வாங்கிய அடிக்கு அப்புறம் வருடக்கணக்காக இலவச அப்டேட் கொடுத்து மீண்டு வந்தது. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த உதாரணத்தை எனக்கு எதிராக எப்படிக் காட்டுகிறீர்கள் என்றுதான் புரியவில்லை. காத்திருந்தவனுக்கு நல்ல கேம் கிடைத்தது, அதுவும் குறைந்த விலையில். நான் சொல்வதும் அதையேதானே?

பிசிக்காரர்கள் சிரிக்க வேண்டாம். 2015 ஜூனில் பேட்மேன் ஆர்க்கம் நைட் பிசியில் ஒழுங்காக ஓடாத நிலையில் வந்ததைப் பார்த்து, சில நாட்களிலேயே விற்பனையை நிறுத்தினார்கள், மறுபடி கடைக்கு வந்தது அக்டோபர் கடைசியில். அந்தக் காலம் மலையேறிவிட்டதா என்றால் அதுவும் இல்லை. 2023-ல் தி லாஸ்ட் ஆஃப் அஸ் முதல் பாகம் பிசிக்கு வந்தபோது ஷேடர் கம்பைல், அதாவது கேம் தன் காட்சிகளை நம் கிராபிக்ஸ் கார்டுக்கு ஏற்றபடி தயார் செய்கிற வேலை, முடியும்வரை மெனுவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் நம்மிலேயே எத்தனை பேர்.

இங்கே என் அக்கா மகன் விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் எனக்குக் கோபம் வருவதே அங்கிருந்துதான். கேமின் பெயரையும் வாங்கிய கடையையும் சொல்லப் போவதில்லை. பையன் பண்டிகைக்கும் பிறந்தநாளுக்கும் வந்த பணத்தைச் சேர்த்து, யாரிடமும் கேட்காமல் ரிலீஸ் அன்றே ஒரு கேம் வாங்கினான். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். வாங்கித் திறந்தால் ஷேடர் கம்பைல் என்று ஒரு நீளக் கோடு நகர்கிறது. அது முடிந்து உள்ளே போனால் படம் விக்கி விக்கி ஓடுகிறது. செட்டிங்கில் நிழலைக் குறைக்கிறான், தெளிவைக் குறைக்கிறான், ரீஸ்டார்ட் செய்கிறான், மறுபடி அந்தக் கோடு. நடுவில் கதாபாத்திரத்தின் முகத்தை ஆசை ஆசையாகச் செய்திருக்கிறான், அதற்கே வெகுநேரம். உண்மையில் விளையாடியது கொஞ்சம்தான். ரீஃபண்ட் கேட்டபோது, கேம் திறந்திருந்த நேரமெல்லாம் விளையாடியதாகவே கடையின் கணக்கு, அதன்படி நேர வரம்பு தாண்டிவிட்டது, முடியாது என்று பதில். அவன் அழவில்லை. "பரவாயில்லை மாமா, புது கிராபிக்ஸ் கார்டு வாங்கினால் ஓடும்" என்றான். கார்டு வாங்க அவனிடம் எங்கே பணம்? அந்தப் பிள்ளை தன் கம்ப்யூட்டர்தான் மட்டம் என்று நினைத்துக்கொண்டான். தவறு கேமில் இருந்தது, அடுத்த மாதமே பேட்ச் விட்டு அதைச் சரிசெய்தார்கள். அதற்குள் அவனுக்கு அதைத் திறக்கவே மனசில்லாமல் போய்விட்டது.

நேற்றுக் கேட்ட தம்பிக்கும் கிட்டத்தட்ட அவன் வயதுதான் இருக்கும். "வேண்டாம்" என்று நான் சொன்னது அந்த முகத்தை நினைத்துத்தான்.

ரீஃபண்ட் இருக்கிறதே என்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள். பிசி கேம்களை விற்கிற ஆன்லைன் கடையான ஸ்டீம் 2015-ல் கொண்டுவந்த விதி, வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது இரண்டு மணி நேரத்துக்குள் இருந்தால் பணம் திரும்பும். நல்ல விதி, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 60 மணி நேரம் ஓடுகிற ஒரு ஆர்பிஜியில், அதாவது கதாபாத்திரத்தை வளர்த்துக்கொண்டே போகிற கதைக் கேமில், முதல் இரண்டு மணி நேரம் என்பது அறிமுகக் காட்சியும் பயிற்சியும்தான். எல்லாரும் முதலில் பார்க்கப்போகிற பகுதி அது என்பதால் அதிக அக்கறையோடு மெருகேற்றியதும் அதுவாகவே இருக்கும். கதையின் பிற்பகுதி பாதியில் நின்றுபோகிறதா, நாம் சேமித்து வைத்த ஆட்டம் அழிகிறதா என்பதெல்லாம் அங்கே தெரியாது.

டெமோ என்று ஒன்று இருந்தது. 1993-ல் டூம் வந்தபோது முதல் எபிசோட் முழுவதையும் இலவசமாகக் கொடுத்தார்கள். விளையாடு, பிடித்திருந்தால் மீதியை வாங்கு. அப்புறம் பத்திரிகைகளோடு சிடி வந்தது, ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு டெமோ. நானும் என் அண்ணனும் ஒரே லெவலை மனப்பாடம் ஆகும்வரை மாற்றி மாற்றி விளையாடுவோம், எந்தக் கதவுக்குப் பின்னால் யார் நிற்பான் என்று அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். முழு கேம் எப்போது வரும் என்று ஏங்கிய ஏக்கம் இருக்கிறதே, அதைவிடப் பெரிய ஆசை உண்டா? காத்திருக்கிறவனுக்கு ஆசை இல்லை என்று சொன்னவருக்கு அந்தச் சிடிகளைக் காட்ட வேண்டும்.

இன்றும் டெமோ விடுகிறவர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் சின்ன டீம்கள். பலாட்ரோ 2024 பிப்ரவரியில் வந்தது, ஒரே ஒருவர் உருவாக்கிய கேம். முன்னாடியே டெமோ இருந்தது. அதை விளையாடிவிட்டு முதல் நாளே வாங்கியவர்களை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், பாராட்டுவேன். "எல்லாரும் காத்திருந்தால் சின்ன டெவலப்பர்கள் பட்டினி கிடப்பார்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். நேற்று வந்ததிலேயே நியாயமான கேள்வி இதுதான். அவர்களுக்கு முதல் வார விற்பனை உயிர்நாடி, ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் டெமோ கொடுக்கிறார்கள், ரெக்கார்டு செய்யவும் தடை போடுவதில்லை. பார்த்துப் பிடித்தால் அன்றைக்கே வாங்குங்கள். ஆனால் நேற்று நாம் பேசிய கேம் சின்ன டீம் கேமா? அதற்கு விளம்பரத்துக்கே தனிப் படை இருக்கிறது. அதற்கு இந்த வாதத்தைக் கொண்டுவந்தது எந்த விதத்தில் நியாயம்?

"பால்டர்ஸ் கேட் 3 முதல் நாளே அற்புதமாக இருந்ததே" என்று இன்னொருவர். 2023 ஆகஸ்டில் முழுதாக வருவதற்கு முன்பு 2020 அக்டோபரிலிருந்தே அதன் முதல் பகுதி எர்லி ஆக்ஸஸில், அதாவது முடியும் முன்பே விற்கிற வடிவத்தில், மக்கள் கையில் இருந்தது. வாங்கியவர்களுக்குப் பார்க்க ஒன்று இருந்தது. வெறும் ட்ரெய்லரை நம்பி அவர்கள் வாங்கவில்லை.

ஸ்பாய்லர் வந்துவிடும், நண்பர்களோடு சேர்ந்து ஆட முடியாது என்பவர்களுக்கு: ஆன்லைன் கேம் என்றால் உங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, கூட்டம் இருக்கும்போதுதான் அதில் சுவை. ஆனால் கான்கார்ட் என்ற ஆன்லைன் கேம் 2024 ஆகஸ்ட் 23 வந்து செப்டம்பர் 6 மூடப்பட்டது. அதற்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். தி க்ரூ என்ற கார் பந்தயக் கேமுக்கு? 2014-ல் வந்த கேம், 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்தார்கள், தனியாக விளையாடுகிற பகுதிகூடத் திறக்கவில்லை. காசு கொடுத்து வாங்கினேன், என் கேம் என்று நினைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தக் கோபத்தில்தான், விற்ற கேமை இப்படி முடக்கக் கூடாது என்கிற ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கமே பிறந்தது. நாம் வாங்குவது உரிமம்தான், பொருள் இல்லை என்று ஸ்டீமே இப்போது பணம் கட்டுகிற இடத்தில் எழுதி வைத்திருக்கிறது. இப்படியொரு காலத்தில், "எந்த நிலையில் கொடுத்தாலும் முதல் நாளே வாங்குவேன்" என்று நாம் முன்கூட்டியே வாக்குக் கொடுத்தால் அவர்கள் எதற்காகச் சரிசெய்து கொடுக்க வேண்டும்? கூடுதல் பணம் கட்டினால் சில நாள் முன்னதாக விளையாடலாம் என்று இப்போது அதையும் விற்கிறார்கள். பணம் கொடுத்து முதல் சோதனையாளராகச் சேர்கிறோம்.

ரிவ்யூக்களெல்லாம் காசு வாங்கிக்கொண்டு எழுதுவது என்று சொல்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. எழுதியவர் எந்த மெஷினில், எத்தனை மணி நேரம் விளையாடினார் என்று பாருங்கள், போதும். மதிப்பெண்ணை மட்டும் பார்க்காதீர்கள். ஃபால்அவுட் நியூ வேகாஸ் டீமுக்கு, விமர்சன மதிப்பெண்களைச் சராசரி போடுகிற மெட்டாகிரிட்டிக் தளத்தில் 85 வந்தால் போனஸ் என்று பேச்சு, வந்தது 84. இன்று அதைக் கொண்டாடாத ஆர்பிஜி ரசிகன் உண்டா? ரிவ்யூ எழுதிய நாளில் இல்லாதது அப்புறம் உள்ளே வருவதும் உண்டு. க்ராஷ் டீம் ரேசிங் 2019 ஜூனில் வந்தது, விமர்சனமெல்லாம் முடிந்த பிறகு ஆகஸ்டில் காசு வாங்கும் கடையை உள்ளே திறந்தார்கள். அந்த விமர்சனங்களை நம்பி வாங்கியவர் என்ன செய்வார்?

என் பணம், என் இஷ்டம் என்றவர்களுக்கு: உங்கள் பணம்தான். யாரும் பிடுங்கவில்லை. நான் பதில் சொன்னது கேள்வி கேட்ட ஒரு தம்பிக்கு. அவர் என் கருத்தைக் கேட்டார், உங்கள் பணத்தைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. நடுவில் வந்து என் ஆசையை அளந்தது நீங்கள்.

பல வருடமாக இங்கே எழுதுகிறேன். எந்தக் கேமில் தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரிகிறது, எது பழைய லேப்டாப்பில் ஓடும், எதில் குழந்தைகள் தெரியாமல் பணம் கட்டிவிடுகிற ஆபத்து இருக்கிறது என்றெல்லாம் கேட்டவர்களுக்கு ராத்திரி உட்கார்ந்து தேடிச் சொல்லியிருக்கிறேன். ஒருவரிடமும் ஒன்றும் வாங்கியதில்லை. ஆசை இல்லாதவன் அதைச் செய்வானா? ஒரு கேமை முடித்துவிட்டு அதன் கடைசிப் பாட்டு ஓடி முடியும்வரை திரையை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறவன் நான். அப்படி உட்கார வைக்கிற கேம் உடைந்துபோன நிலையில் ஒரு பையன் கைக்குப் போய்ச் சேரக் கூடாது என்று சொன்னேன்.

அந்தத் தம்பிக்கும், உள்பெட்டியில் அதே கேள்வியைக் கேட்டவர்களுக்கும்: அந்தக் கேமை வாங்கலாமா என்று இப்போது சொல்ல மாட்டேன், யாராலும் சொல்ல முடியாது. வெளிவந்த பிறகு உங்கள் கார்டு என்ன, ரேம் எவ்வளவு, கன்சோல் என்றால் எந்த மாடல் என்று கீழே எழுதுங்கள். அதே அமைப்பில் விளையாடியவரின் வெட்டாத வீடியோவாகத் தேடித் தருகிறேன். ட்ரெய்லர் லிங்க் மட்டும் யாரும் அனுப்ப வேண்டாம்.