மந்தையிலிருந்து வந்த சொல்

அக்கா மகள் வெளிநாட்டில் மேற்படிப்பு படிக்க ஜிஆர்இ என்ற ஆங்கிலவழி நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறாள். பயிற்சி மையத்தில் ஒரு சொற்பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். ஒரு சொல், எதிரே ஒரு பொருள், தினம் நூறு. ராத்திரி பதினோரு மணி வரை முணுமுணுக்கிறாள். காலையில் கேட்டால் பாதி போயிருக்கிறது. அவளைக் குறை சொல்ல மாட்டேன், பட்டியலைத்தான் சொல்வேன்.

அதில் 'எக்ரீஜியஸ்' என்பதற்கு 'தனித்துத் தெரிகிற' என்று மட்டும் இருந்தது. அதை நம்பி, விண்ணப்பக் கட்டுரையில் தன் பேராசிரியரை அந்தச் சொல்லால் பாராட்டியிருந்தாள். இன்று அது பச்சையாகத் தெரிகிற மோசமான தவறுக்குச் சொல்வது! நல்லவேளை, அனுப்பும் முன் பார்த்தேன்.

சரி, உட்கார் என்றேன். லத்தீனில் 'கிரெக்ஸ்' என்றால் மந்தை. மந்தையை விட்டுத் தனியே தெரிவது எக்ரீஜியஸ். முதலில் சிறந்தவரைக் குறித்தது, அப்புறம் பொருள் தலைகீழாகிவிட்டது. கூட்டத்தோடு இருக்கப் பிடித்தவர் கிரிகேரியஸ். சர்ச்சில் கூடுவது காங்கிரிகேஷன். குப்பையைப் பிரித்துப் போடு என்கிறார்களே, அந்த செக்ரிகேஷன். மார்க் ஷீட்டில் வரும் அக்ரிகேட். பாதிச் சொற்கள் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்தவை, உறவுதான் தெரியவில்லை.

2017இல் சசி தரூர் ட்விட்டரில் 'ஃபராகோ' என்று எழுத, நாடே அகராதியைப் புரட்டியது. குழப்பமான கலவை என்று பொருள். லத்தீனில் அது மாட்டுக்குப் போடும் கலப்புத் தீவனம். தவிடும் புண்ணாக்கும் கழுநீரில் கரைத்துத் தொட்டியில் ஊற்றுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இது மறக்குமா?

அரிய சொற்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. நிறைய வேண்டும். ஆனால் ஜிஆர்இ-யிலேயே 2011இல் எதிர்ச்சொல் கேள்விகளை எடுத்துவிட்டார்கள். இப்போது வாக்கியத்துக்குள் பொருந்தும் சொல்லைத்தான் கேட்கிறார்கள். இன்னமும் பட்டியலை உருப்போட வைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

இப்போது தினம் எட்டுச் சொல்தான். வேர், செய்தித்தாளில் கண்ட ஒரு வாக்கியம், இரண்டையும் நோட்டில் எழுதுகிறாள். நேற்று அவளாகவே வந்தாள். "மாமா, எலக்வென்ட்னா அழகாப் பேசுறவர், லக்வேஷியஸ்னா வளவளன்னு பேசுறவர், ரெண்டும் 'பேசு'ங்கிற வேர்தானே? முதல் வார்த்தையைச் சொன்னா சார் சந்தோஷப்படுவார், ரெண்டாவதைச் சொன்னா கோபப்படுவார்" என்றாள்.