ஆள் வரலையா? ஏன்னு கேளுங்க சார்!

சொல்லாம லீவுல இருந்த ஒரு பையனை வேலையை விட்டுத் தூக்கிட்டு, "பத்து நாள் ஆளைக் காணோம், போன் எடுக்கலை, பேரை அடிச்சாச்சு"ன்னு அவனோட கம்பெனிப் பெரிய மனுஷர் பெருமையா போஸ்ட் எழுதினதை எல்லாரும் பார்த்திருப்பீங்க. கீழ கொட்டிக் கிடந்த கைத்தட்டலையும் பார்த்திருப்பீங்க. லிங்க் தர மாட்டேன், அவருக்கு ஏற்கெனவே போதுமான விளம்பரம்.

அந்தப் பையன் ஆஸ்பத்திரியில இருந்துட்டு திரும்பி வந்தப்போ செக்யூரிட்டி கேட்டுக்குள்ளயே விடலை. "மெயில்ல அனுப்பிட்டோமே"ன்னாங்களாம். எந்த மெயிலுக்கு? ஆபீஸ் மெயிலுக்கு. அதை முடக்கிட்டுதான் அனுப்பியிருக்காங்க! என்ன ஒரு சாமர்த்தியம்.

வேலையை விட்டுத் தூக்கவே கூடாதுன்னு நான் சொல்லலை. தூக்கறதுக்கு முன்னாடி கேளுங்க. அவ்வளவுதான்.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. டி.கே. யாதவ் வழக்குன்னு ஒண்ணு, 1993-ல உச்ச நீதிமன்றம் சொன்னது. எட்டு நாளுக்கு மேல லீவு சொல்லாம வரலைன்னா தானா வேலையை விட்டதா அர்த்தம்னு அந்தக் கம்பெனியோட நிலையாணையிலேயே, அதாவது வேலை விதிகள்லயே, இருந்துச்சு. அந்தத் தொழிலாளி, "நான் வந்தேன், கேட்லயே தடுத்துட்டாங்க"ன்னார். விசாரணை வைக்காம அனுப்பினது இயற்கை நீதிக்கு, அதாவது ஒருத்தர் பக்கத்தைக் கேட்காம தண்டிக்கக் கூடாதுங்கறதுக்கு, விரோதம்னு சொல்லி, வெளிய இருந்த காலத்துச் சம்பளத்துல பாதியோட திரும்ப வேலைக்கு எடுக்கச் சொன்னாங்க. 2012-ல பர்மார்ங்கறவர் வழக்குல அதே உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாச் சொன்னாங்க: வேணும்னே வராம இருந்தாரான்னு பார்க்கணும், உடம்பு சரியில்லாம ஆஸ்பத்திரியில கிடந்தவரை அந்தக் கணக்குல சேர்க்க முடியாது.

எங்க மாமா அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் ஓட்டினவர். வீடு முடிச்சூர்ல. 2015 டிசம்பர் சென்னை வெள்ளம்னு சொன்னாலே மிச்சம் உங்களுக்குப் புரியும். படகுல வெளிய வந்தாங்க. போன் தண்ணியில போச்சு, போன்லதான் எல்லா நம்பரும். கம்பெனி பதிவுத் தபால் அனுப்பியிருக்கு. எங்க? அதே முடிச்சூர் வீட்டுக்கு. மாமா திரும்பிப் போனப்போ அந்தக் கவரை மேஜை மேல எடுத்துப் போட்டாங்க. போஸ்ட்மேன் நீல பேனாவுல "கதவு பூட்டி" எழுதி, தேதி போட்டிருந்தார். "நாங்க முறைப்படி தெரிவிச்சுட்டோம்"னு அந்த அதிகாரி அதையே ஆதாரமா காட்டினார். ஊரே மிதந்தது பேப்பர்ல வந்துச்சே சார், நீங்க படிக்கலையா?

சரி, "சின்னக் கம்பெனி, விசாரணைக்கெல்லாம் எங்க போறது?"ன்னு கேப்பீங்க. சேரும்போது அவசரத்துக்குன்னு வீட்டு நம்பர் ஒண்ணு வாங்கினீங்களே, அதுல ஒரு போன். வீட்டு விலாசத்துக்கு, பதில் சொல்ல நாள் கொடுத்து ஒரு கடிதம். அப்பவும் பதில் இல்லையா, விசாரணைத் தேதி சொல்லி இன்னொண்ணு. அதுக்கும் வரலையா, நடந்ததை எழுதி வெச்சு முடிச்சுக்கோங்க, யாரும் தடுக்கலை. தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம் 1947, பிரிவு 41: ஆறு மாசம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாச நோட்டீஸோ சம்பளமோ இல்லாம அனுப்பக் கூடாது. ஒழுங்கீனம்னு சொல்லி நோட்டீஸ் இல்லாம அனுப்பணுமா? விசாரணை வெச்சு நிரூபிக்கணும். ஜவுளிக்கடைக்கும் இதேதான்.

"சொல்லாம கொள்ளாம வேற கம்பெனியில சேர்ந்துடறாங்க"ங்கறீங்க. சேர்றாங்க. அதையும் கேட்டாத்தானே தெரியும்?

நாம விட்டுப் போகணும்னா மூணு மாச நோட்டீஸ், ஒரு நாள் குறைஞ்சாலும் சம்பளத்துல பிடிப்பாங்க. அவங்க அனுப்பணும்னா ஒரு மெயில். ஆயுதபூஜையன்னிக்குப் பொரிகடலை பாக்கெட்டைக் கையில கொடுத்து "நாமெல்லாம் ஒரே குடும்பம்"னு பேசறது யாரு? குடும்பத்துல ஒருத்தன் பத்து நாள் வீட்டுக்கு வரலைன்னா ரேஷன் கார்டுல பேரை அடிப்பீங்களா, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா தேடுவீங்களா?

என்னைச் சுட்டது அவர் எழுதினது கூட இல்லை. கைத்தட்டினவங்கள்ல பாதிப் பேர் மாசச் சம்பளக்காரங்க. எனக்குத் தெரிஞ்சவங்க. "நீயா சம்பளம் கொடுக்கற?"ன்னு என்னையே கேட்டாங்க. நான் கொடுக்கலைங்க. வாங்கறேன். நீங்களும்தான்.

தம்பி, இதைப் படிச்சா: "ராஜினாமான்னு எழுதிக் கொடு, செட்டில்மென்ட் சீக்கிரம் போட்டுடறோம்"னு கூப்பிடுவாங்க. கையெழுத்துப் போடாதே. ஆஸ்பத்திரிச் சீட்டு, கேட்ல நிறுத்தின அன்னிக்கு எடுத்த போட்டோ, சம்பள ஸ்லிப் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்துல இருக்கற தொழிலாளர் ஆணையர் ஆபீசுக்குப் போய், அந்தச் சட்டத்தோட பிரிவு 41-க்குக் கீழ மேல்முறையீடு எங்க போடணும்னு கேளு. காலக்கெடு உண்டு, தள்ளிப் போடாதே. துணைக்கு ஆள் வேணும்னா இன்பாக்ஸ்ல சொல்லு, லீவு போட்டுட்டு வரேன். சொல்லிட்டுத்தான் போடுவேன், பயப்படாதே.