திருவெண்காட்டு ரிஷபவாகனரின் காளை

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் உள்ள ரிஷபவாகனர் (காளையை வாகனமாகக் கொண்ட சிவன்) படத்தைப் போட்டு, "சிற்பி வேண்டுமென்றே காளையை வடிக்காமல் வெற்றிடமாக விட்டார்" என்று இங்கே பகிர்ந்து வருகிறார்கள். அது சரியல்ல. காளையும் இருந்த சிற்பம்தான் அது. நமக்குக் கிடைக்காமல் போனது காளை மட்டும்.

ராஜராஜன் காலத்தில், 1011இல் செய்யப்பட்ட செப்புத்திருமேனி இது. திருவெண்காட்டில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தது. அந்த ஊர்ச் சிவன் கோயில் கல்வெட்டே இவரை ரிஷபவாகன தேவர் என்கிறது. காளை இல்லாமல் ஏது ரிஷபவாகனர்?

அடுத்த முறை தஞ்சாவூர் போனால் முன்னால் மட்டும் நின்று பார்க்காதீர்கள், பக்கவாட்டிலும் போய் நில்லுங்கள். ஒரு காலை மறுகாலின் குறுக்கே போட்டு, உடம்பைச் சற்றே சாய்த்து நிற்கிறார். இடக்கை தொடையில். வலது முழங்கை மடங்கி, விரல்கள் தளர்ந்து தொங்குகின்றன. எதன்மேலோ சாய்த்து வைத்த கை அது. நம் ஊர்த் திருவிழாக்களில் சுவாமி புறப்பாட்டுக்கு வரும் ரிஷபத்தை மனதில் வைத்துப் பார்த்தால், அந்தக் கை எங்கே இருந்திருக்கும் என்பது உடனே பிடிபடும். அப்புறம், காளையோடு முழுதாக உள்ள ரிஷபவாகனர் சிற்பம் ஏதாவது ஒன்றின் படத்தைப் பக்கத்தில் வைத்துக் கையின் மடிப்பை ஒப்பிடுங்கள்.

அந்த வெற்றிடம் அழகாக இருக்கிறது என்றால் நானும் ஒத்துக்கொள்வேன். எத்தனையோ நேரம் அதன்முன் நின்றிருக்கிறேன். ஆனால் அது நாம் இன்று பார்க்கும் அழகு, சிற்பி நினைத்து விட்ட இடம் அல்ல.